முகத்தைக் கடைசியில் பாருங்கள்: 19-ஆம் நூற்றாண்டு இல்லக் காட்சி ஓவியங்களில் பெண்ணின் மனத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விக்டோரியா காலத்து வீட்டுக் காட்சி ஓவியம் ஒன்றின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்ணின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "பாவம், ஏதோ சோகம்" என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த வகை ஓவியத்தில் மிகக் குறைவாகப் பேசுவது முகம்தான். அன்றைய மரியாதைக் கணக்கில் நல்ல குடும்பத்துப் பெண் வாய்விட்டு அழுவதை வரைந்தால் வாங்க ஆள் கிடைக்காது. அதனால் ஓவியர்கள் அந்த உணர்ச்சியை முகத்திலிருந்து எடுத்து விரல்களிலும் தரையிலும் சுவரிலும் கதவிலும் பிரித்து வைத்தார்கள். அதைத் திரும்பச் சேகரிக்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எது இல்லக் காட்சி ஓவியம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். அரசர், புராணம், போர் இவற்றை வரைந்தால் வரலாற்று ஓவியம். பெயர் தெரிந்த ஒருவரை அவருக்காக வரைந்தால் உருவப்படம். பெயரில்லாத ஒரு மனைவி, ஒரு தாய், ஒரு ஆசிரியை வீட்டுக்குள் ஏதோ ஒரு கணத்தில் இருப்பதை வரைந்தால் அது இல்லக் காட்சி. நம் அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் கிடையாது; அதே கணக்குத்தான் இங்கும். பெயர் இல்லாததால்தான் பார்ப்பவர் தன் வீட்டை அதில் பொருத்திக்கொள்ள முடிந்தது.

தொடங்கும் முன்

நல்ல படக்கோப்பு இல்லாமல் இந்த வேலை நடக்காது. லண்டனின் டேட், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், பாரிஸின் ஓர்சே ஆகியவை தங்கள் தளங்களில் படங்களை வைத்திருக்கின்றன; பல ஓவியங்கள் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாகும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் வேண்டாம். அவற்றில் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும், இருட்டான மூலைகள் வெறும் கறுப்பாகிவிடும். இந்த ஓவியங்களில் சாட்சியங்கள் ஒளிந்திருப்பது அந்த மூலைகளில்தான்.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட்டின் 'விழித்தெழும் மனசாட்சி' 76 செ.மீ. உயரம், 56 செ.மீ. அகலம்தான். அகஸ்டஸ் எக்கின் மூன்று ஓவியங்களும் தலா 63.5 × 76 செ.மீ. வரவேற்பறைச் சுவரில் மாட்டி, ஒரு கை தூரத்தில் நின்று படிக்க வேண்டிய அளவு இது. பிரெஞ்சு ஓவியர் டெகாவின் 'பெல்லெல்லி குடும்பம்' ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். அங்கே ஆட்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை உடம்பாலேயே உணரலாம். கைபேசித் திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. காகிதத்தில் அளவை வெட்டி ஒருமுறை சுவரில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

பிறகு ஒரு தாளை நான்காக மடியுங்கள்: தரை, கை, உடை, அறை. தலைப்பையும் அருங்காட்சியகக் குறிப்பையும் குறைந்தது 20 நிமிடத்துக்குப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் குறிப்பில் இருப்பதை மட்டுமே கண் தேடும். பெண்ணின் முகத்தை ஒரு சிறு காகிதத் துண்டால் மறையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை; முறையின் மையமே அதுதான்.

படி 1: தரையிலிருந்து தொடங்குங்கள்

விக்டோரியா ஓவியர்கள் தடயங்களைக் கீழே போட்டு வைப்பார்கள். பழகுவதற்கு எக் 1858-இல் லண்டன் ராயல் அகாதமியின் ஓவியக் கண்காட்சியில் வைத்த மூன்று ஓவியங்களின் முதலாவதை எடுங்கள். இன்று 'கடந்ததும் நிகழ்வதும்' என்ற பொருளில் அறியப்படும் தொடர் அது, டேட்டில் இருக்கிறது.

கம்பளத்தின் மேல் மனைவி குப்புற விழுந்து கிடக்கிறாள். கணவனின் கையில் ஒரு கடிதம். அவன் காலின் கீழ் நசுங்குவது காதலனின் சிற்றோவியம். ஓர் ஆப்பிள் இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பாதி தரையில் விழுந்திருக்கிறது. மேசைமேல் உள்ள மறு பாதியில் கத்தி செருகியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு சிறுமிகள் சீட்டுக்கட்டில் வீடு கட்டுகிறார்கள், அது சரிகிறது. அந்த வீட்டுக்கு அடித்தளமாக வைத்திருப்பது பால்சாக்கின் நாவல். பிரெஞ்சு நாவல் படித்தால் குடும்பப் பெண் கெட்டுப்போவாள் என்ற அன்றைய நம்பிக்கையை எக் இப்படித் தரையில் வைத்துவிட்டார். கொஞ்சம் அதிகப்படியான சாமர்த்தியம்தான். ஆனால் அந்த ஆண்டின் அகாதமிக் கண்காட்சியில் ஃப்ரித்தின் குதிரைப் பந்தய ஓவியத்தின் முன் கூட்டம் நெருக்கித் தள்ளி, கம்பித் தடுப்பே போட வேண்டியிருந்தது. ஓவியத்தை ஒவ்வொரு பொருளாகப் படித்துப் பார்க்கப் பழகிய கூட்டம் அது. எக் எழுதியது அவர்களுக்கு.

தரையில் பார்ப்பதை வகை பிரித்து எழுதுங்கள். விழுந்தது எது, போடப்பட்டது எது, தற்செயலாகக் கிடப்பது எது? ஹன்ட்டின் ஓவியத்தில் கழற்றி எறியப்பட்ட கையுறை, சிக்குண்ட கம்பளி நூல், மேசைக்கடியில் பறவையைப் பிடித்து வைத்திருக்கும் பூனை, சுருண்டு கிடக்கும் இசைத்தாள் என எல்லாமே வேண்டுமென்று வைத்தவை. நூல் சிக்கல் அவளுடையது. கையுறையைக் கழற்றி எறிந்தவன் அவன். பொருள் யாருடையது என்று குறிக்காவிட்டால் அவனுடைய அலட்சியத்தை அவளுடைய துயரமாகப் படித்துவிடுவீர்கள்.

படி 2: கைகள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் இரு கைகளுக்கும் மூன்று கேள்விகள்: எதைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, எதைச் செய்துகொண்டிருந்து நிறுத்தியது?

எக்கின் மனைவியின் இரு கைகளும் கதவுப் பக்கம் நீண்டு கோர்த்திருக்கின்றன. மணிக்கட்டுகளில் தங்கக் காப்புகள். அவள் கிடக்கும் கிடப்பில் அவை விலங்குபோலவே தெரிகின்றன. முகம் கிட்டத்தட்ட மறைந்தே இருப்பதால், அந்த இரண்டு மணிக்கட்டுகளும்தான் அவளுடைய மொத்த வாக்குமூலம்.

ஹன்ட்டின் பெண் ஒருவனின் மடியிலிருந்து பாதி எழுந்த நிலையில் இருக்கிறாள். அவன் கை இன்னும் பியானோவில். அவளுடைய கைகள் வயிற்றுக்கு முன் இறுகக் கோர்த்திருக்கின்றன. நெருங்கிப் பாருங்கள்: இடக்கையில் மோதிரங்கள் நிறைய இருக்கின்றன, திருமண மோதிர விரல் மட்டும் காலி. அவள் மனைவி அல்ல, அந்த வீட்டில் 'வைக்கப்பட்டவள்' என்பதை இந்த ஒரு விரல் சொல்கிறது. இதைப் பார்க்கத் தவறினால் ஓவியம் வெறும் காதலர் சண்டையாகிவிடும்.

எமிலி மேரி ஆஸ்போர்ன் 1857-இல் வரைந்த 'பெயரற்றவள், நட்பற்றவள்' வீட்டுக்குள் நடப்பதல்ல. ஓவிய வியாபாரியின் கடையில் நடப்பது. ஆனாலும் கை பார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தான் வரைந்ததை விற்க வந்த இளம் பெண் கண்ணைத் தாழ்த்தி நிற்கிறாள், முகத்தில் அதிகம் ஒன்றுமில்லை. வியாபாரி படத்தை உதட்டைப் பிதுக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் விரல்கள் ஒரு கயிற்றுத் துண்டை முறுக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கயிறு இல்லையென்றால் அவள் அமைதியாக நிற்கிறாள் என்றே எழுதிவிடுவோம். வரைந்தவரும் பெண் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. கண்ணீருக்குப் பதில் காத்திருப்பின் அவமானத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் 'மரியானா' (1851) வேறு ரகம். நீல வெல்வெட் உடையில் எழுந்து நிற்கும் பெண் இரு கைகளையும் பின்னிடுப்பில் ஊன்றி முதுகை நெளிக்கிறாள். முன்னால் முடியாத பூவேலை. காய்ந்த இலைகள் அதன்மேலும் தரையிலும் விழுந்திருக்கின்றன. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதை வரிகளோடு இது கண்காட்சிக்கு வந்ததால், கைவிடப்பட்ட பெண்ணின் ஏக்கம் என்று உடனே எழுதத் தோன்றும். அதற்கு முன் அந்த முதுகைப் பாருங்கள். பல மணி நேரம் குனிந்து ஊசி போட்டவளின் இடுப்பு வலி அது. ஏக்கம் உடம்பில் அலுப்பாக இறங்கியிருக்கிறது. சிலர் இதை வெறும் கவர்ச்சி நிலையாகவும் படிக்கிறார்கள். உடை உடம்போடு ஒட்டியிருப்பதால் அதற்கு இடமும் உண்டு. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்க வேண்டாம்.

படி 3: உடையில் காலம்

கறுப்பு உடை என்றால் துக்கம் என்பது பாதி உண்மைதான். கறுப்பிலும் படிகள் உண்டு. அந்தப் படி இழப்பு எவ்வளவு பழையது என்பதைச் சொல்லும். கையேட்டுக்குக் கையேடு கணக்கு மாறினாலும் இங்கிலாந்தில் ஒரு விதவைக்குப் பொதுவான வரிசை இது:

- முழுத் துக்கம்: ஓர் ஆண்டும் ஒரு நாளும். பளபளப்பே இல்லாத கறுப்புத் துணி, மேலே சுருக்கம் விழுந்த கிரேப் துணி.
- இரண்டாம் துக்கம்: ஏறக்குறைய 9 மாதம். கிரேப் குறையும்.
- அரைத் துக்கம்: கடைசி மாதங்கள். சாம்பல், வெளிர் ஊதா, வெள்ளை கலக்கும்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஓர் ஆண்டு, உடன்பிறந்தவருக்கு ஆறு மாதம் என்று இறங்கும். துணி ஒளியை வாங்குகிறதா, திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். மின்னும் கறுப்புப் பட்டு துக்கத்தின் தொடக்கம் அல்ல. வெறும் நாகரிக உடையாகவும் இருக்கலாம். மோசமான படக்கோப்பில் இந்த வேறுபாடு தெரியாமல் போவதும், அதை நம்பிப் 'புது விதவை' என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிற பிழை.

ரிச்சர்ட் ரெட்கிரேவின் 'வீட்டு ஆசிரியை' (1844) இதற்குச் சரியான பயிற்சி. கறுப்பு உடையில் பெண், கையில் கறுப்பு விளிம்பிட்ட கடிதம். கடிதம் இன்று வந்தது; கறுப்பு உடையை அவள் ஏற்கெனவே அணிந்திருக்கிறாள். அப்படியானால் இது முதல் இழப்பல்ல என்று ஊகிக்க இடமிருக்கிறது. பியானோவில் விரித்து வைத்திருப்பது 'ஹோம், ஸ்வீட் ஹோம்' பாட்டின் தாள். பின்னால் வெயிலில் மாணவிகள் விளையாடுகிறார்கள். ரெட்கிரேவின் சகோதரி ஜேன் வீட்டு ஆசிரியையாகப் போய் இளம் வயதில் இறந்தவர். அந்த வேலையின் தனிமை ஓவியருக்குச் செவிவழிச் செய்தியல்ல. வீட்டு ஆசிரியை வேலைக்காரியும் அல்ல, குடும்பத்தில் ஒருத்தியும் அல்ல. அழவேண்டுமென்றால் சமையற்கட்டுக்கும் போக முடியாது, கூடத்திலும் முடியாது.

படி 4: கடிதம் இருந்தால்

1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்தபின் கடிதம் எல்லா வீட்டுக்கும் நுழைந்தது, ஓவியத்துக்குள்ளும் நுழைந்தது. ஓவியருக்கு இது பெரிய வசதி: வெளியே நடந்ததை உள்ளே கொண்டுவர ஒரு தாள் போதும். கடிதத்தைப் பார்த்ததும் கவனிக்க வேண்டியவை: விளிம்பு கறுப்பா, முத்திரை உடைந்ததா, மடிப்பு புதிதா பலமுறை பிரித்துத் தேய்ந்ததா, யார் கையில் இருக்கிறது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஜார்ஜ் எல்கர் ஹிக்ஸின் 'பெண்ணின் பணி: ஆணுக்குத் துணை' (1863) ஓவியத்தில் துக்கச் செய்தி கணவனுக்கு வந்திருக்கிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான், மனைவி அவன் தோளைப் பற்றி அண்ணாந்து பார்க்கிறாள். அவளுடைய முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதில் இருப்பது அவள் துயரம் அல்ல, அவன் துயரத்துக்கு அவள் தரும் ஆறுதல். இறந்தவர் அவளுக்கும் வேண்டியவராக இருந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கே இந்த ஓவியத்தில் இடமில்லை. 'தனிப்பட்ட உணர்ச்சி' என்று தலைப்பிட்டு இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. கடமை முகத்தை மன முகமாக எண்ணும் தவறு அது.

படி 5: கண்ணாடி, கதவு, ஜன்னல், சுவர்ப் படங்கள்

கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று தனியாக வரைந்து பாருங்கள். எக்கின் அறையில் கண்ணாடி திறந்த கதவைக் காட்டுகிறது. அவள் எந்த வழியாகப் போகப் போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஹன்ட்டின் அறையில் கண்ணாடி எதிரே உள்ள தோட்டத்தைக் காட்டுகிறது. அவள் கண் போகும் இடம் அதுதான். ஜெர்மன் ஓவியர் கெர்ஸ்டிங் 1810-களில் வரைந்த பூவேலைக்காரியின் முகம் நேராக நமக்குக் கிடைப்பதே இல்லை, கண்ணாடியில் மட்டும் கொஞ்சம். சுவரில் மாலை சூட்டிய ஓர் இளைஞன் படம். மாதிரியாக அமர்ந்தவர் லூயிஸ் சைட்லர் என்ற ஓவியர்; அவருடைய வருங்காலக் கணவர் போர்க்காலத்தில் இறந்தவர்.

சுவர்ப் படங்கள் பெரும்பாலும் விளக்க உரை. எக்கின் அறையில் மனைவியின் உருவப்படத்துக்கு மேலே ஆதாமும் ஏவாளும் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி. கணவனின் படத்துக்கு மேலே கப்பல் சேதம். இவ்வளவு பச்சையாகச் சொல்ல வேண்டுமா என்று இன்று தோன்றலாம்.

ஜன்னலில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். ஜன்னலோரப் பெண் என்றாலே 'கூண்டுக்கிளி' என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவள் வெளியே பார்க்கிறாளா என்பதையே முதலில் சரிபாருங்கள். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 1822-ஆம் ஆண்டு ஓவியத்தில் அவர் மனைவி கரோலின் நமக்கு முதுகு காட்டி எல்பே நதிப் பக்கம் பார்க்கிறார். அதில் ஏக்கம் இருக்கலாம், வெறும் வேடிக்கையும் இருக்கலாம். பெர்த் மொரிசோ 1869-இல் தன் அக்கா எட்மாவை ஜன்னலருகே வரைந்தபோது, பால்கனிக் கதவு திறந்திருக்கிறது, எட்மா கையிலிருக்கும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு பார்வைகூட இல்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்தே ஓவியம் பயின்று, 1864 முதல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் படம் வைத்தவர்கள். அந்த 1869-இல்தான் எட்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து, தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு தங்கைக்கு எழுதிய கடிதத்தில், மனத்தால் அடிக்கடி உன் ஓவிய அறைக்கு வந்துவிடுகிறேன் என்கிறார். திறந்த ஜன்னலைத் திரும்பிப் பார்க்காத பெண்ணுக்குள் என்ன ஓடியது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று கிடைப்பது அபூர்வம்.

படி 6: இப்போது காகிதத்தை எடுங்கள்

முகத்தைப் பார்க்கலாம். பார்க்கும் முன், இந்த முகம் முதலில் வரைந்த முகம்தானா என்று கேளுங்கள்.

'விழித்தெழும் மனசாட்சி' 1854-இல் காட்சிக்கு வந்தபோது பெண்ணின் முகத்தில் தெரிந்த வேதனை வேறு. அதை வாங்கிய தாமஸ் ஃபேர்பெர்ன் தினமும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், ஹன்ட்டிடம் சொல்லி மாற்றி வரையவைத்தார். இன்று டேட்டில் நாம் பார்க்கும் இந்தப் பாதி மலர்ந்த முகம் உரிமையாளரின் மன நிம்மதிக்காக வந்த முகம். கைகளின் இறுக்கத்துக்கும் முகத்தின் தெளிவுக்கும் நடுவே ஏதோ ஒட்டவில்லையே என்று உங்களுக்குப் பட்டிருந்தால், சரியாகவே பார்த்திருக்கிறீர்கள்.

மாற்றங்கள் முகத்தோடு நிற்பதில்லை. ரெட்கிரேவின் வீட்டு ஆசிரியை ஓவியத்தில் பின்னால் விளையாடும் மாணவிகள், வாங்கிய ஜான் ஷீப்ஷாங்க்ஸுக்காகச் சேர்ந்தவர்கள். வெயிலில் பிள்ளைகள் வந்ததும் தனிமையின் கடுமை குறைந்தது. அதே சமயம் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கோடும் விழுந்தது.

எல்லாவற்றையும்விடத் துலக்கமான கதை இந்தியாவோடு தொடர்புள்ளது. ஜோசப் நோயல் பேடன் 1858-இல் 'நினைவாக' என்ற ஓவியத்தை வைத்தார்: 1857 கிளர்ச்சியின்போது நிலவறை ஒன்றில் ஒதுங்கிய ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும், வாசலில் உள்ளே நுழையும் சிப்பாய்கள். பார்த்தவர்கள் கொதித்தார்கள். பேடன் சிப்பாய்களை அழித்து, காப்பாற்ற வரும் ஸ்காட்லாந்துப் படைவீரர்களை வரைந்தார். மேலே நோக்கிப் பிரார்த்திக்கும் பெண் மரண பயத்திலிருந்து ஒரே மாற்றத்தில் மீட்புக்கு மாறிவிட்டாள். வாசலில் நிற்பது யார் என்று தெரியாமல் உள்ளே இருப்பவளின் முகத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

முகத்துக்குப் பெயர் வைக்கும்போது 'சோகம்' என்ற சொல்லைத் தவிருங்கள். அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஏக்கம், சலிப்பு, கூச்சம், குற்ற உணர்வு, ஆற்றாமை, கையறுநிலை, மனப்புழுக்கம், திடுக்கிடல், அடக்கிய எரிச்சல் என நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஹன்ட்டின் பெண்ணிடம் திடுக்கிடல். மரியானாவிடம் சலிப்பு. ஃபிராங்க் பிராம்லியின் 'நம்பிக்கையற்ற விடியல்' (1888) ஓவியத்தில், கடலுக்குப் போனவன் திரும்பாத காலையில் இளம் மனைவி தரையில் சரிந்து மாமியார் மடியில் முகம் புதைத்திருக்கிறாள், அது கையறுநிலை. அங்கே முகமே இல்லை. அலையடிக்கும் ஜன்னலும் திறந்த பைபிளும் அவனுக்காக விரித்து வைத்த மேசையும் அந்தப் பெயரை நமக்குத் தருகின்றன.

படி 7: தலைப்பு, கண்காட்சிப் பட்டியல் வரி, சட்டம், சட்டகம்

இனி குறிப்புகளைப் படிக்கலாம். கண்காட்சியில் என்ன சொற்களோடு வைத்தார்கள் என்று தேடுங்கள். இன்றைய தலைப்பு பின்னால் வந்ததாக இருக்கலாம். எக் தன் மூன்று ஓவியங்களுக்குத் தலைப்பே வைக்கவில்லை. நாட்குறிப்பு போன்ற சில வரிகளை மட்டும் கொடுத்தார்: தந்தை இறந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளைகளுக்கு இப்போது இருவருமே இல்லை, தாயை லண்டனின் ஸ்ட்ராண்ட் தெருப் பக்கம் தலை சாய்க்க இடமில்லாமல் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று. இதைப் படித்தபின் மற்ற இரண்டையும் பாருங்கள். ஒன்றில் வளர்ந்த சிறுமிகள் நிலவொளியில். இளையவள் மூத்தவள் மடியில் முகம் புதைத்திருக்கிறாள். மற்றதில் தேம்ஸ் கரையின் அடெல்ஃபி வளைவுகளுக்கடியில் தாய், போர்வைக்குள் ஒரு குழந்தையோடு. இரண்டிலும் ஒரே நிலா, அதன் கீழே ஒரே மேகத் துணுக்கு. ஒரே இரவு, ஒரே நேரம். மகளும் தாயும் ஒரே நிலவைப் பார்ப்பது இருவருக்கும் தெரியாது.

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1857-இன் மணமுறிவுச் சட்டம் 1858 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது; எக்கின் ஓவியங்கள் அதே ஆண்டில். மனைவியின் பிறழுறவு ஒன்றே கணவன் மணமுறிவு பெறப் போதும். மனைவி கேட்டால் பிறழுறவோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். பிறழ்ந்த தாய்க்குப் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையும் நடைமுறையில் போய்விடும். முதல் ஓவியத்தில் கோர்த்து நீண்ட கைகளுக்கும் சீட்டு வீடு கட்டும் சிறுமிகளுக்கும் நடுவே உள்ள அந்தச் சில அடி தூரத்தின் கனம் இப்போதுதான் தெரியும்.

சட்டகத்தையும் விடாதீர்கள். 'விழித்தெழும் மனசாட்சி'யின் சட்டகத்தில் மணிகளும் சாமந்தி வகைப் பூக்களும் இருக்கின்றன, மேலே ஒரு நட்சத்திரம், கீழே பைபிளின் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனம். இணையப் படங்களில் இவை அனைத்தும் வெட்டப்பட்டிருக்கும். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1854 மே 25 அன்று டைம்ஸ் இதழில் எழுதிய கடிதத்தில், பார்வையாளர்கள் ஒன்றும் புரியாமல் கடந்து போகிறார்கள் என்று குறைபட்டு, அந்த அறையின் பொருள்கள் எல்லாவற்றிலும் உள்ள விபரீதமான புதுமையைச் சுட்டினார். தலைமுறைகள் வாழ்ந்து தேய்த்த சாமான் ஒன்றுகூட அங்கே இல்லை. பெண்ணின் நிலையைச் சொல்ல மேசையின் வார்னிஷ் போதும் என்பதை அன்றே கண்டவர் அவர்.

படி 8: பொருள்கள் வாய் மூடும்போது

இந்த முறையை அப்படியே பாரிஸுக்குக் கொண்டுபோனால் உதைக்கும். 1860-களிலிருந்து டெகாவும் மொரிசோவும் வரையும் அறைகளில் ஆப்பிள் வெறும் ஆப்பிள். அங்கே பொருளை விட்டு இடைவெளியைப் பாருங்கள்: யாருக்கும் யாருக்கும் நடுவே எவ்வளவு தூரம், யார் பார்வை யாரைச் சந்திக்கவில்லை.

'பெல்லெல்லி குடும்பம்' டெகாவின் அத்தை லாராவும் அவர் கணவர் ஜென்னாரோவும் இரு மகள்களும். பெயர் தெரிந்ததால் உருவப்படம்தான், ஆனால் இல்லக் காட்சியாகவே இயங்குகிறது. லாரா தந்தைக்காகக் கறுப்பில், கர்ப்பிணி; பின்னால் சுவரில் அந்தத் தந்தையின் படம். கணவர் நாற்காலியில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். நேப்பிள்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டு ஃபிளாரன்ஸில் வாடகை வீட்டில் இருந்த குடும்பம். ஓர் அளவுகோலை எடுத்து லாராவின் கண்ணிலிருந்து பார்வைக் கோடு ஒன்று இழுங்கள்: அது எவர் மேலும் விழாமல் அறையைத் தாண்டிப் போகும். இளைய மகள் மட்டும் நடுவில், ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, இரு பக்கமும் சேராமல்.

மொரிசோவின் 'தொட்டில்' (1872) இதற்கு எதிர்ப்பக்கம். எட்மா தன் குழந்தை பிளாஞ்சைப் பார்க்கிறார். ஒரு கை கன்னத்தில். குழந்தையின் கையும் அதேபோல் மடங்கியிருக்கிறது. மறு கை மெல்லிய வலைத் திரையின் ஓரத்தை இழுத்து, குழந்தைக்கும் நமக்கும் நடுவே கொண்டுவருகிறது. தாய்மையின் பூரிப்பு என்று எழுதுவோர் உண்டு, அலுப்பு என்று எழுதுவோரும் உண்டு. அந்த வலைத் திரையை இழுக்கும் விரல்களை இரண்டு தரப்பும் கவனிப்பதில்லை. அதில் இருப்பது காவல்: இது உங்களுக்கான காட்சி அல்ல என்று பார்ப்பவரை நிறுத்தும் கை.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

பூக்களின் மொழி அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தில் உள்ள ஒவ்வொரு பூவுக்கும் பொருள் சொல்வது முதல் பிழை. அந்த அகராதிகள் தங்களுக்குள்ளேயே முரண்படும். ஓவியரோ அன்றைய விமர்சகரோ பூவைப் பற்றிச் சொல்லியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் விடுங்கள்.

மாதிரியாக அமர்ந்த பெண்ணின் வாழ்க்கையைக் கதாபாத்திரத்தின் மேல் ஏற்றுவது இரண்டாவது. ஹன்ட்டின் ஓவியத்துக்கு அமர்ந்த ஆனி மில்லருக்கும் ஹன்ட்டுக்கும் இருந்த உறவு சுவையான வரலாறுதான். ஆனால் அதை வைத்து ஓவியத்தில் உள்ள பெண்ணின் திடுக்கிடலை விளக்க முடியாது. எட்மா விஷயத்தில் கடிதம் இருக்கிறது, அதனால் அது வேறு.

எல்லாப் பெண்களையும் பாதிக்கப்பட்டவர்களாகவே காண்பது மூன்றாவது. எரிச்சலும் கள்ளச் சிரிப்பும் தனக்குள் மூழ்கிய நிம்மதியும் இந்த ஓவியங்களில் நிறையவே உண்டு. அழுகையைத் தேடிப் போகிற கண்ணுக்கு அவை படுவதில்லை.

எழுதும்போது

ஓர் ஓவியத்துக்கு 150 முதல் 200 சொல் போதும். முதல் பத்தியில் கண்ணால் பார்த்தது மட்டும்: "விரல்கள் கயிற்றை முறுக்குகின்றன". இரண்டாவதில் ஊகம்: "காத்திருப்பின் கூச்சம்". மூன்றாவதில் வெளிச் சான்று: தேதி, சட்டம், கடிதம், வாங்கியவர். ஊகத்தை முதல் பத்திக்குள் நுழையவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பழகும் வரிசை: எக், ரெட்கிரேவ், ஹன்ட், மரியானா, பிராம்லி, தொட்டில், பெல்லெல்லி. கடைசியாக, பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ள டெகாவின் 'உள்ளறை' (1868–69). விளக்கொளியில் பிங்க் உள்துணி போட்ட ஒரு திறந்த பெட்டி, தரையில் உள்ளிறுக்க உடை, ஒற்றை ஆள் படுக்கை. கதவில் சாய்ந்து வழியை அடைத்து நிற்கும் ஆண். அவனுக்கு முதுகு காட்டிக் குனிந்திருக்கும் பெண். தரை, கை, உடை, அறை நான்கு கட்டமும் நிரம்பிவிடும், ஆனால் கதை மட்டும் சேராது. ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் நாவல் மூலங்களைக் காட்டி விளக்கியும் எந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. டெகா இதை என்னுடைய 'இல்லக் காட்சி ஓவியம்' என்றுதான் குறிப்பிட்டார். இதற்கு மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, முதல் பத்தியை மட்டும் நீளமாக எழுதுங்கள்.